ரூட் 66-இன் பழைய தடத்தைக் கண்டறிவது எப்படி?

சிகாகோவிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் வரையிலும், பின்னர் சாண்டா மோனிகா கடற்கரை வரையிலும் எட்டு மாநிலங்களைக் கடந்து சென்ற ரூட் 66 நெடுஞ்சாலை, 1926-இல் எண் பெற்று 1985-இல் அதிகாரபூர்வப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அதன் வரலாற்றை நேரில் காணப் புறப்படுகிறவர்களில் பலர் பழுப்பு நிறப் பலகைகள் காட்டும் வழியில் சென்று, நினைவுப்பொருள் கடைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அந்தச் சாலையை உண்மையாகவே அறிய விரும்புகிறவர் புறப்படும் முன்பே ஓர் ஆண்டைத் தேர்ந்துகொள்ள வேண்டும். ஏனெனில் ரூட் 66 என்பது ஒரே சாலை அன்று, அறுபது ஆண்டுகளில் பலமுறை இடம் மாறிய பல சாலைகளுக்கு வழங்கிவந்த எண்.

நியூ மெக்சிகோவில் 1937 வரை அது வடக்கே வளைந்து சாண்டா ஃபே நகருக்குள் சென்று, பிறகு தெற்கே ஆல்புகர்க்கிக்கு இறங்கியது. அவ்வாண்டு நேர் மேற்காகப் பாதை அமைந்ததும் மாநிலத் தலைநகரே வழியிலிருந்து விலகிப்போயிற்று. அரிசோனாவிலும் 1950-களின் தொடக்கத்தில், செங்குத்தான சிட்கிரீவ்ஸ் கணவாயைத் தவிர்ப்பதற்காக, ஓட்மன் என்ற சுரங்க ஊரை ஒதுக்கிவிட்டுப் பாதை வேறு வழியாக மாற்றப்பட்டது. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உருவான இன்டர்ஸ்டேட் விரைவுச்சாலைகள்தாம் ஊர்களை அழித்தன என்ற பேச்சு, இதனால், பாதி உண்மையே. ஊர்களை ஒதுக்கும் வழக்கத்தை ரூட் 66 தானே முன்னதாகத் தொடங்கியிருந்தது.

ஆண்டு முடிவானதும் வரைபடங்களைத் தேடுங்கள். பெட்ரோல் நிறுவனங்கள் அக்காலத்தில் இலவசமாக வழங்கிய சாலை வரைபடங்கள் ஊர்களின் வரிசையைத் தெளிவாகக் காட்டும். ஆனால் ஒரு வளைவு ஓடையின் எந்தப் பக்கம் இருந்தது என்பதைக் காட்டா. அதற்கு அமெரிக்க நிலவியல் அளவைத் துறையின் பழைய நில வரைபடங்களே ஏற்றவை. அவற்றை இணையத்திலிருந்து இலவசமாகப் பதிவிறக்கிக்கொள்ளலாம். அவற்றையும் இன்றைய செயற்கைக்கோள் படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால், விரைவுச்சாலைக்கு இணையாக ஓடித் திடீரென்று வயலில் முடிந்துவிடும் ஒரு கோடு கண்ணில் படும். பெரும்பாலும் அதுவே நீங்கள் தேடும் தடம்.

தரையில் பார்க்கும்போது சாலையின் அகலமே முதல் சான்று. ஓக்லஹோமாவில் மயாமி, அஃப்டன் ஆகிய ஊர்களுக்கிடையே, ரூட் 66-க்கும் முந்தியதான 9 அடி அகலச் சாலையின் துண்டுகள் இன்றும் உள்ளன. எதிரே வண்டி வந்தால் சக்கரத்தை மண்ணில் இறக்கித்தான் வழிவிட முடியும். நெடுந்தூரச் சரக்கு லாரிகள் பெருகிய பிறகு அந்தச் சாலை ஏன் போதவில்லை என்பதை அங்கே நின்று பார்த்தாலே புரியும். சாலை மறைந்த இடங்களில் கம்பங்களைப் பாருங்கள்: அரிசோனாவின் பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட் தேசியப் பூங்காவில், தளம் அகற்றப்பட்ட பின்பும் தந்திக் கம்பங்களின் வரிசை தடத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறது.

ஊருக்குள் வந்ததும், அதை விரைவுச்சாலை எந்த ஆண்டில் ஒதுக்கியது என்று கேட்டறியுங்கள். அரிசோனாவின் செலிக்மன் 1978-இலும், கடைசியாக வில்லியம்ஸ் 1984-இலும் ஒதுக்கப்பட்டன. அந்த ஆண்டுக்கு முன்னும் பின்னும் வெளியான தொலைபேசிக் கையேடுகளை உள்ளூர் நூலகத்தில் ஒப்பிட்டால், எத்தனை மோட்டல்கள், உணவகங்கள், பெட்ரோல் நிலையங்கள் மறைந்தன என்பது பெயர்களோடு கிடைக்கும். முந்தைய காலத்திற்கு, தீக்காப்பீட்டு நிறுவனங்களுக்காகக் கட்டடம் கட்டடமாக வரையப்பட்ட சான்பார்ன் வரைபடங்கள் உதவும். செலிக்மனில் முடிதிருத்தகம் நடத்திவந்த ஏஞ்சல் டெல்காடிலோ முதலானோர் 1987-இல் சங்கம் அமைத்து, அந்தப் பகுதிக்கு வரலாற்றுச் சாலை என்ற தகுதியை மாநில அரசிடம் பெற்றதால்தான் இன்று அங்கே பார்க்க இவ்வளவு எஞ்சியிருக்கிறது.

இந்தச் சாலையில் எல்லாரும் எங்கும் தங்கிவிட முடிந்ததில்லை என்பதையும் ஆய்வில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஹார்லெமைச் சேர்ந்த தபால்காரர் விக்டர் கிரீன் 1936 முதல் வெளியிட்ட கையேடு, கறுப்பின மக்களை ஏற்கும் விடுதிகளைப் பட்டியலிட்டது. நியூயார்க் பொது நூலகம் அதன் பதிப்புகளை இணையத்தில் வைத்திருக்கிறது. ஓர் ஊரின் விடுதிகளை அந்தப் பட்டியலோடு ஒப்பிடாமல் எழுதப்படும் ரூட் 66 வரலாறு, என் கருத்தில், அரைகுறையானது.

பழைய துண்டுகள் பல தனியார் நிலத்திலும் பழங்குடியினர் நிலத்திலும் கிடக்கின்றன. அனுமதி பெறாமல் இறங்கவோ படமெடுக்கவோ கூடாது. கலிஃபோர்னியாவின் மொஹாவே பாலைவனத்தில் வெள்ளத்தால் மரப்பாலங்கள் சேதமடைந்து சாலை மூடப்படுவதுண்டு. ஆகவே புறப்படும் நாளன்றே நிலவரத்தை விசாரியுங்கள். முதன்முறை செல்வோர் செலிக்மனுக்கும் கிங்மனுக்கும் இடைப்பட்ட பகுதியிலிருந்து தொடங்கலாம். அங்கே விரைவுச்சாலை வெகுதூரம் தெற்கே விலகிச் செல்வதால், பழைய சாலை துண்டுபடாமல் பீச் ஸ்பிரிங்ஸ் வழியாக ஓடுகிறது. செலிக்மனிலேயே பெட்ரோல் நிரப்பிக்கொள்வது நல்லது.