பழைய லேப்டாப்பில் லினக்ஸ்: வைஃபை வராத சிக்கல் தீர்ந்த விதம்

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்ததும், என் பழைய லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தின் இலகுவான பதிப்பான எக்ஸ்எஃப்சிஇ-யைப் போட்டேன். 4 ஜிபி ரேமில் நன்றாகவே ஓடுகிறது. வைஃபை மட்டும் வரவே இல்லை.

இணையம் இல்லாமல் டிரைவரை (வைஃபை சிப்பை இயக்கும் மென்பொருளை) எப்படி இறக்குவது? போனை கேபிளில் இணைத்து யூஎஸ்பி டெதரிங்கை (போனின் இணையத்தைக் கேபிள் வழியே கணினிக்குத் தரும் வசதியை) ஆன் செய்தேன், இணையம் கிடைத்தது. அப்புறம் மின்ட்டில் உள்ள டிரைவர் மேனேஜரைத் திறந்தால், வைஃபை சிப்புக்கான டிரைவரை அதுவே காட்டியது. செக்யூர் பூட் (கணினி தொடங்கும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் அனுமதிக்கும் பாதுகாப்பு) ஆனில் இருந்தால், நிறுவும்போது ஒரு பாஸ்வேர்டு அமைக்கச் சொல்லும். ரீஸ்டார்ட் ஆகும்போது ஒரு நீலத் திரை வரும்; அங்கே ‘என்ரோல் எம்ஓகே’ (டிரைவரை நம்பலாம் என்று காட்டும் சாவியைப் பதிவு செய்வது) என்பதைத் தேர்ந்து அதே பாஸ்வேர்டைத் தர வேண்டும். இந்தத் திரையில் அதைச் செய்யாமல் விட்டுவிட்டால், டிரைவர் இருந்தும் வேலை செய்யாது.

அந்த டிரைவர் திறமூலம் (மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் மென்பொருள்) அல்ல என்பதில் எனக்கு வருத்தம்தான். புதிதாக வாங்குபவர்கள் இன்டெல் வைஃபை உள்ளதைப் பாருங்கள், டிரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே இருக்கிறது. எதுவானாலும், நிறுவும் முன் லைவ் யூஎஸ்பியில் (நிறுவாமலேயே லினக்ஸை ஓட்டிப் பார்க்க உதவும் பென் டிரைவில்) பூட் செய்து வைஃபை, ஒலி, டச்பேடு, ஸ்லீப் எல்லாவற்றையும் சோதித்துவிடுங்கள். மென்பொருளுக்குப் பஞ்சமில்லை: லிப்ரே ஆபீஸும் பயர்பாக்ஸும் மின்ட்டுடனேயே வரும், வீடியோவுக்கு விஎல்சி போதும்.