லூவாவுக்குக் காசு கட்டும் முன்: ஹவாய் போகிறவர்களுக்கு ஒரு கணக்கு

ஹவாய்க்கு விமான டிக்கெட் போட்டதும் தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொல்வார்கள்: "லூவாவ் மட்டும் விட்டுடாதீங்க." கடலோரத்தில் மாலை விருந்து, ஹுலா நடனம், கடைசியில் ஒருவர் தீப்பந்தம் சுழற்றுவார். பெரியவர்களுக்குத் தலைக்கு 150 முதல் 250 டாலர் என்று பார்த்ததும்தான் கை தயங்கும்.

முதல் தடவை நாங்கள் தயங்கவில்லை, ஐந்து பேருக்குக் கட்டினோம். சுத்த சைவமான என் மாமனாரின் தட்டில் வெள்ளைச் சோறு, அன்னாசி, ஒரு துண்டு சர்க்கரைவள்ளி. "இதுக்கு எவ்வளவும்மா?" என்று கேட்டார். நான் காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன். அடுத்த தடவை போவதற்குள் கற்றுக்கொண்ட கணக்கு இது.

படி 1: முழுத் தொகையைக் கூட்டுங்கள்

தலைக்கு இவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருந்தால் கணக்கு ஏமாற்றிவிடும். நாலு பெரியவர்கள், ஒரு குழந்தை என்று வையுங்கள். பெரியவருக்கு 190, குழந்தைக்கு 110 என்றால் 870 டாலர். மாநில, உள்ளூர் வரி 4.712 சதவீதம் சேர்ந்தால் 911. டிப்ஸ், வண்டி நிறுத்தும் கட்டணம், சில இடங்களில் சேவைக் கட்டணம் எல்லாம் இதற்கு மேல். இந்தத் தொகையை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு அடுத்த படிக்குப் போங்கள்.

படி 2: அந்தத் தட்டில் உங்கள் வீட்டார் எதைச் சாப்பிடுவார்கள்?

இங்கேதான் நிறையப் பேருக்குப் பணம் வீணாகிறது, கொஞ்சம் நின்று பார்ப்போம்.

லூவாவ் என்றால் ஹவாய் மொழியில் சேப்பங்கிழங்கின் இலை. அந்த இலையைத் தேங்காய்ப்பாலில் கோழியோடோ ஆக்டோபஸோடோ வேகவைத்த பதார்த்தத்துக்கும் அதே பெயர்; பிறகு விருந்துக்கே பெயராகிவிட்டது. 1819 வரை அங்கே ஆணும் பெண்ணும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடக் கூடாது என்ற விலக்கு இருந்தது. அந்த ஆண்டு இரண்டாம் கமேஹமேஹா மன்னர் பெண்கள் பந்தியில் போய் உட்கார்ந்து சாப்பிட்டார், விலக்கு உடைந்தது. எல்லோரும் சேர்ந்து உட்காரும் இந்த விருந்து அப்படித்தான் தொடங்கியது என்பார்கள்.

விருந்தின் நாயகன் காலுவா பன்றி. குழி வெட்டி, விறகுத் தீயில் கற்களைப் பழுக்கக் காய்ச்சி, வாழைத்தண்டும் இலைகளும் பரப்பி, இறைச்சியை வைத்து மண் மூடிப் பல மணி நேரம் விட்டுவிடுவார்கள். இந்தக் குழி அடுப்புக்குப் பெயர் இமு. சில இடங்களில் இமுவைத் திறப்பதையே விருந்தாளிகள் முன்னால் சடங்காகச் செய்வார்கள், சில இடங்களில் இறைச்சி சமையலறையிலிருந்து வரும். கேட்டுக்கொள்வது நல்லது.

பன்றி சாப்பிடாத வீடு என்றால் மிச்சம் என்ன? லாவ்லாவ் பார்க்க இலை அடை மாதிரி இருக்கும், உள்ளே பெரும்பாலும் பன்றிதான். லோமிலோமி என்பது உப்பிட்ட சால்மன் மீன், தக்காளி, வெங்காயம். மக்ரோனி சாலடில் மயோனைஸ் வழியாக முட்டை வந்துவிடும். சைவர்கள் நம்பக்கூடியது பொய். ஆமாம், உச்சரிப்பே அப்படித்தான்! சேப்பங்கிழங்கை அவித்து இடித்து, தண்ணீர் விட்டுக் குழைத்த ஊதா நிறக் கூழ். முதல் வாயில் உப்புச் சப்பில்லாமல் இருக்கும். மற்ற பதார்த்தங்களோடு தொட்டுச் சாப்பிட்டால் பிடித்துப்போகும். தேங்காய்ப்பாலைக் கெட்டியாக்கி வில்லை போட்ட ஹௌபியா இனிப்பும் பெரும்பாலும் சைவம்தான். "சைவம் உண்டா?" என்று பொதுவாகக் கேட்டால் "உண்டு" என்றுதான் பதில் வரும். எந்தெந்தப் பதார்த்தம் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

குடிக்கும் பழக்கம் இல்லாதவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பல லூவாவ்களில் மாய் டாய் போன்ற மது வகைகளும் டிக்கெட்டில் அடக்கம். குடிக்காவிட்டாலும் காசு காசுதான். ஒவாஹு தீவின் லாயியேவில் உள்ள பாலினீசியன் கல்ச்சுரல் சென்டரிலும் லூவாவ் உண்டு; அது மார்மன் திருச்சபையைச் சேர்ந்தது, மதுவே கிடையாது. ஞாயிறு விடுமுறை.

படி 3: மேடையில் எதைப் பார்க்க ஆசை?

தீப்பந்த ஆட்டம் சமோவாவுடையது. பறை அதிர இடுப்பை வேகமாக அசைத்து ஆடுவது டஹீட்டியுடையது. இரண்டுமே ஹவாய் இல்லை. குழந்தைகள் வாய் பிளந்து பார்ப்பது என்னவோ அந்தத் தீயைத்தான், அதில் தப்பில்லை. ஹவாயின் ஹுலா மட்டும் வேண்டும் என்றால் மவி தீவின் ஓல்ட் லஹாயினா லூவாவ் மாதிரி, தீ ஆட்டம் இல்லாத இடத்தைத் தேடுங்கள்.

படி 4: எந்த நாள்?

வந்து இறங்கிய அன்று வேண்டவே வேண்டாம். கோடையில் ஹவாய் நேரம் கலிபோர்னியாவுக்கு 3 மணி நேரம், நியூயார்க்குக்கு 6 மணி நேரம் பின்தங்கியிருக்கும். ஆட்டம் இரவு எட்டரைக்கு முடிந்தால் நியூயார்க்கிலிருந்து வந்த குழந்தையின் உடம்புக்கு அது அதிகாலை இரண்டரை. தீப்பந்தம் வரும்போது பிள்ளை உங்கள் மடியில் தூங்கிக்கொண்டிருக்கும்.

படி 5: பிரித்து வாங்கினால் எவ்வளவு?

சாப்பாட்டையும் ஆட்டத்தையும் தனித்தனியாகப் பாருங்கள். ஹொனலூலுவில் 1946 முதல் நடக்கும் ஹெலெனாஸ் ஹவாயியன் ஃபுட் போன்ற கடைகளில் காலுவா பன்றியும் பொய்யும் லூவாவ் டிக்கெட்டின் சிறு பங்கு விலைக்கே கிடைக்கும். அதே ஊரின் கடலோரப் பகுதியான வைக்கிக்கியில், கூஹியோ கடற்கரையில் சில நாட்கள் மாலையில் இலவச ஹுலா உண்டு. எந்தெந்தக் கிழமை என்று போகும் வாரத்தில் சரிபாருங்கள். இரண்டாம் தடவை மாமனாரை அங்கேதான் கூட்டிப்போனோம். புல்லில் துண்டை விரித்து உட்கார்ந்தவர், "கைதான் கதை சொல்லுது பாரு" என்று கடைசி வரை எழுந்திருக்கவில்லை.

இந்தச் செலவை, படி 1-இல் எழுதிய தொகைக்குப் பக்கத்தில் எழுதுங்கள். பன்றி, மீன் சாப்பிடும், இரண்டு கிளாஸ் குடிக்கும், தீ ஆட்டம் பார்க்க ஆசைப்படும் வீடு என்றால் லூவாவ் விலை எனக்கு அதிகமாகத் தோன்றவில்லை. மூன்றில் ஒன்றுதான் பொருந்துகிறது என்றால் நான் கட்ட மாட்டேன். வீட்டில் பாதிப் பேருக்கு மட்டும் ஆசையா? பாதிப் பேர் போங்கள். எல்லோரும் ஒன்றாகத்தான் போக வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

படி 6: டிக்கெட் எடுக்கும்போது

முன்வரிசைக்குக் கூடுதல் கட்டணம் கேட்பார்கள். சின்ன இடமாக இருந்தால் அது தேவையே இல்லை, இருக்கை வரைபடத்தைப் பார்த்து முடிவெடுங்கள். வைக்கிக்கியில் தங்கியிருந்தால் ஒவாஹுவின் மேற்குக் கரையில் உள்ள கோ ஒலினா பக்கத்து லூவாவ்களுக்கு மாலை நெரிசலில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். அவர்களே பஸ் விடுகிறார்களா, அதற்குத் தனிக் காசா என்று கேளுங்கள். ரத்து செய்தால் எத்தனை நாள் முன்பு வரை பணம் திரும்பும், மழை பெய்தால் கூரைக்குள் நடத்துவார்களா என்ற இரண்டுக்கும் பதிலை எழுத்தில் வாங்கிய பிறகு கார்டைத் தேய்த்தால் போதும்.