வாக்குச்சீட்டில் முகம் இருக்கும், அதிபர் இருக்கமாட்டார்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமைதோறும் நான் எடுக்கும் தமிழ் வகுப்பில் ‘நம் நாட்டு அரசு’ என்று கட்டுரை எழுதச் சொன்னேன். “மக்கள் வாக்களித்து அதிபரைத் தேர்ந்தெடுக்கிறார்கள்” என்ற வரியைப் பெரும்பாலான பிள்ளைகள் எழுதியிருந்தார்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. நாம் படிக்கிற தமிழ்ச் செய்தி சென்னையிலிருந்து வருகிறது. அதில் வருவது டெல்லி, இல்லையென்றால் வாஷிங்டன். நம் அரசு இருக்கும் பிரிட்டோரியாவையும் அந்த இரண்டில் ஒன்றாக நினைத்துவிடுகிறோம்.

எங்கள் ஆயாவுக்கும் இதே குழப்பம்தான். 2024 மே 29 தேர்தலுக்கு முன் மாதிரிச் சீட்டில் இருந்த ஒரு கட்சித் தலைவரின் முகத்தில் விரலை வைத்து, “இதில் போட்டால் இவர்தானே அதிபர்?” என்றார். இல்லை ஆயா. அந்த முகம் கட்சியின் அடையாளம், அவ்வளவுதான். முன்னாள் அதிபர் ஜேக்கப் ஜூமா வேட்பாளராக நிற்கத் தகுதியில்லை என்று தேர்தலுக்கு ஒன்பது நாள் முன்பு அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகும் அவர் தலைமையிலான எம்.கே. கட்சியின் பெயருக்கு அருகில் அவர் முகம் சீட்டில் அப்படியே இருந்தது. மக்கள் தேர்ந்தெடுப்பது 400 பேர் கொண்ட தேசிய சட்டமன்றத்தை, அதாவது நாடாளுமன்றத்தின் கீழவையை. அதிபரைத் தேர்ந்தெடுப்பது அந்தச் சட்டமன்றம். அந்தத் தேர்தலில் ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரசுக்கு 159 இடங்கள்தான் கிடைத்தன. பெரும்பான்மைக்கு 201 வேண்டும். வேறு கட்சிகள் கைகொடுத்ததால்தான் ஜூன் 14 அன்று அந்தக் காங்கிரசின் தலைவர் சிரில் ராமபோசா 283 வாக்குகள் பெற்று மீண்டும் அதிபரானார்.

அடுத்த பிழை ஒரு சொல்லில் இருக்கிறது. ‘குடியரசுத் தலைவர்’ என்று எழுதினால் அகராதிப்படி தவறில்லை. ஆனால் தமிழ் வாசகர் உடனே பிரதமர் ஒருவரைத் தேடுவார். இங்கே நாட்டின் தலைவரும் அரசின் தலைவரும் ஒருவரே. பிரதமர் பதவி 1984இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சாசனத்தோடு ஒழிந்தது. இந்தியர்களுக்கு என்று தனி அவை வைத்து, கறுப்பின மக்களை அறவே வெளியே நிறுத்திய மூன்று அவை நாடாளுமன்றத்தைக் கொண்டுவந்ததும் அதே அரசியல் சாசனம்தான். அதனால் நான் ‘அதிபர்’ என்றே எழுதச் சொல்கிறேன்.

அதிபர் என்றதும் அமெரிக்காவை நினைப்பது இன்னொரு பிழை. தேர்வாகும்வரை இங்கே அவர் சட்டமன்ற உறுப்பினர். தேர்வானதும் அந்த இடத்தை இழக்கிறார். ஆனாலும் சட்டமன்றத்தின் பிடியிலிருந்து விடுபடுவதில்லை. அவரை அனுப்ப இரண்டு வழிகள் உண்டு, இவற்றைத்தான் பலரும் ஒன்றாகக் குழப்புகிறார்கள். கடுமையான சட்டமீறல், முறைகேடு, இயலாமை ஆகிய காரணங்களுக்காகப் பதவி நீக்க மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்குக் காரணம் ஏதும் காட்ட வேண்டியதில்லை, பாதிக்கு மேல் வாக்கு இருந்தால் போதும். அப்போது அமைச்சர்களும் துணை அமைச்சர்களும் அவரோடு சேர்ந்து விலக வேண்டும். நடைமுறையில் கட்சியே முந்திக்கொள்ளும். அதிபர்களாக இருந்த தாபோ எம்பெக்கி 2008இலும் ஜூமா 2018இலும், அப்போது அவர்கள் கட்சியாக இருந்த ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸ் கைவிட்டதால் விலகினார்கள். இரண்டு முறையும் பொதுத்தேர்தல் நடக்கவில்லை, சட்டமன்றம் கூடி வேறொருவரைத் தேர்ந்தெடுத்தது. மசோதா பிடிக்கவில்லை என்று அதிபர் நிராகரிக்கவும் முடியாது. அரசியல் சாசனத்துக்கு முரணாக இருக்குமோ என்ற ஐயம் இருந்தால் திருப்பி அனுப்பலாம். ஐயம் அப்போதும் தீராவிட்டால் அரசியல் சாசன நீதிமன்றத்துக்கு அனுப்பலாம்.

சில்லறைப் பிழைகளும் உண்டு. துணை அமைச்சர்கள் அமைச்சரவை உறுப்பினர்கள் அல்லர். அமைச்சர்களில் அதிகபட்சம் இருவரைச் சட்டமன்றத்துக்கு வெளியிலிருந்து எடுக்கலாம். துணை அதிபரை அப்படி எடுக்க முடியாது. ‘தலைநகர் பிரிட்டோரியா’ என்று எழுதி முற்றுப்புள்ளி வைப்பவருக்கு நான் அரை மதிப்பெண்தான் தருவேன். அமைச்சு அலுவலகங்கள் அங்கே, நாடாளுமன்றம் கேப்டவுனில், உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் புளூம்ஃபொன்டெயினில். அதற்கும் மேலான அரசியல் சாசன நீதிமன்றமோ ஜோகன்னஸ்பர்க்கில், காந்தியையும் மண்டேலாவையும் அடைத்து வைத்திருந்த பழைய சிறை வளாகத்தில் இருக்கிறது.

‘மத்திய அரசு’, ‘மாநில அரசு’ என்பவையும் இந்தியாவிலிருந்து வந்த சொற்கள். இங்கே தேசிய அரசு, ஒன்பது மாகாண அரசுகள், உள்ளாட்சி என மூன்று தளங்கள். ஒரு பையன் தெருவிளக்கு எரியாததற்கு அதிபரைத் திட்டி ஒரு பத்தி எழுதியிருந்தான். ‘அதிபர்’ என்பதை அடித்து ‘நகராட்சி’ என்று மேலே எழுதினேன். “அதற்கும் மே மாதமே போட்டுவிட்டோமா, சார்?” என்றான். இல்லை, உள்ளாட்சித் தேர்தல் தனி. கடைசியாக 2021 நவம்பரில் நடந்தது. நம் வார்டு உறுப்பினரைப் பெயர் பார்த்து நேராகத் தேர்ந்தெடுப்பது அந்தத் தேர்தலில்தான். அந்த உறுப்பினர் யார் என்று கேட்டேன். வகுப்பில் யாருக்கும் தெரியவில்லை.