விருப்பமான பாட்காஸ்டை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாழ்க்கைமுறை பாட்காஸ்ட் ஒன்றை விரும்பிக் கேட்பவரிடம் அதன் நிறைகுறைகளை விசாரித்தால், பதில் பெரும்பாலும் தொகுப்பாளரைப் பற்றியதாகவே இருக்கும். மனம் திறந்து பேசுகிறார், நம் வீட்டு மனிதர் போல இருக்கிறார் என்பார்கள். குரலின் மீது ஏற்பட்ட நெருக்கத்தை, சொல்லப்படும் செய்தியின் நம்பகத்தன்மையாக எடுத்துக்கொள்ளும் இந்தத் தவறே மற்ற பல தவறுகளுக்கும் வேர். வானொலி, தொலைக்காட்சிக் கலைஞர்களோடு நேயர்கள் கொள்ளும் இத்தகைய ஒருதலை உறவைப் பற்றி டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்னும் ஆய்வாளர்கள் 1956-இலேயே எழுதியிருக்கிறார்கள். காதுக்குள் நேராக ஒலிக்கும் பாட்காஸ்டில் அந்த உறவு இன்னும் இறுகிவிடுகிறது. அது ஒரு நிறைதான். தனித்திருப்பவருக்குத் துணையாகும் குரலை யாரும் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. அந்த நிறையை வைத்துக்கொண்டு தகவல்களுக்கும் மதிப்பெண் போட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான்.

தகவல்களைச் சோதிக்காமல் விடுவது அடுத்த தவறு. புதிய பழக்கம் படிய 21 நாட்கள் போதும் என்பது இவ்வகை நிகழ்ச்சிகளில் அடிக்கடி காதில் விழும் கூற்று. பிளாஸ்டிக் அறுவை மருத்துவரான மேக்ஸ்வெல் மால்ட்ஸ் 1960-இல் வெளியிட்ட நூலில், மாறிய முகத்தோற்றத்துக்கு நோயாளிகள் பழகுவதற்குக் குறைந்தது ஏறத்தாழ 21 நாட்கள் ஆவதைக் கவனித்ததாக எழுதினார். வாய்மாறி வாய்மாறி வந்ததில் ‘குறைந்தது’ என்பது உதிர்ந்துபோய், எல்லாப் பழக்கங்களுக்கும் பொதுவான விதியாக அது மாறிவிட்டது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலி குழுவினர் 2009-இல் வெளியிட்ட ஆய்வோ, ஒரு செயல் இயல்பாகப் படிவதற்கு ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாட்கள் வரை ஆகலாம் என்றும், நடுமதிப்பு 66 நாட்கள் (பாதிப் பேருக்கு இதற்குள், மீதிப் பேருக்கு இதற்கு மேல்) என்றும் கணக்கிட்டது. 21 நாளில் பழக்கம் படியாதவர் தன்னிடம்தான் ஏதோ கோளாறு என்று சோர்ந்து போவதால், இதைச் சிறு பிழையென்று ஒதுக்கிவிட முடியாது. ஆகவே ஓர் எபிசோடை எடுத்துக்கொண்டு, ‘ஆய்வுகள் சொல்கின்றன’ என்று வரும் இடங்களையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். எந்த ஆய்வு என்று சொல்கிறார்களா, அது மனிதர்களிடம் நடந்ததா எலிகளிடம் நடந்ததா, எபிசோடு குறிப்பில் இணைப்பு இருக்கிறதா, முன்பு சொன்னது தவறென்று தெரிந்தபின் திருத்தம் வெளியிட்டார்களா என்று பாருங்கள். திருத்தம் சொல்லும் நிகழ்ச்சியை நான் ஒரு படி மேலாகவே வைப்பேன்.

விளம்பரம் பேச்சைக் குறுக்கிடுகிறது என்பதை மட்டும் குறையாக எழுதுவோர் உண்டு. அதைவிடக் கவனிக்க வேண்டியது, தூக்கத்தைப் பற்றிய உரையாடல் முடிந்த கையோடு, அதே குரலில், அதே தோழமையோடு, ‘நானும் தினமும் இதைத்தான் எடுத்துக்கொள்கிறேன்’ என்று ஒரு சத்து மாத்திரையும் அதற்கான தள்ளுபடிக் குறியீடும் வருவது. அறிவுரை எங்கே முடிகிறது, விற்பனை எங்கே தொடங்குகிறது என்பதை நேயர் ஒரே கேட்பில் பிரித்தறிய முடியாவிட்டால், விளம்பரம் அரை நிமிடமே ஓடினாலும் அது குறைதான். விருந்தினர்களுக்கும் இதே அளவுகோல் பொருந்தும்: புத்தகம் வெளியாகும் வாரத்தில் பல நிகழ்ச்சிகளுக்குச் சென்று ஒரே கதையைச் சொல்பவரிடம், தொகுப்பாளர் ஓர் எதிர்க்கேள்வியாவது கேட்கிறாரா?

நினைவில் நிற்கும் இரண்டு மூன்று நல்ல எபிசோடுகளை வைத்து முழு நிகழ்ச்சியையும் அளப்பதும் தவறு. தொடக்கக் காலத்தில் ஒன்று, இடையில் ஒன்று, அண்மையில் ஒன்று என, நல்லதாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்காமல் எடுத்து, வேறு வேலை எதுவும் செய்யாமல் கேட்டால், பழைய கருத்துகளையே சுற்றிச் சுற்றி வருகிறார்களா என்பது தெரிந்துவிடும். நட்சத்திர மதிப்பீடுகள் இதற்கு உதவா. பிடிக்காதவர்களில் பலர் எதுவும் எழுதாமல் விலகிவிடுகிறார்கள். ஒலித்தரத்தைப் பொறுத்தவரை பேச்சு தெளிவாகக் கேட்டால் போதும்.

நடுநிலையைக் காட்டுவதற்காக இல்லாத குறைகளைத் தேடுவதும் நியாயமாகாது. இளைப்பாறலுக்காக உரையாடும் நிகழ்ச்சியிடம் புலனாய்வு இதழியலின் ஆழத்தை எதிர்பார்க்க முடியாது. மருத்துவ ஆலோசனை தரத் துணியும் நிகழ்ச்சிக்கு, இது வெறும் அரட்டைதானே என்ற சலுகையையும் அளிக்க முடியாது. எதைக் குறையென்று எழுதினாலும் எந்த எபிசோடு, எத்தனையாவது நிமிடம் என்று சேர்த்துக் குறிப்பிட்டால், படிப்பவர் தாமே கேட்டுச் சரிபார்த்து உங்கள் கருத்தை ஏற்கவோ மறுக்கவோ முடியும்.