டிகால் ஆடும்போது பத்துப் புளியங்கொட்டை

டிகால் என்ற பலகை ஆட்டம் ஆட உட்காரும்போது ஆளுக்குப் பத்துப் புளியங்கொட்டை எடுத்து முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். புள்ளி செலவாகச் செலவாக ஒவ்வொன்றாக இடப்பக்கம் தள்ளுங்கள்.

குவாத்தமாலா மழைக்காட்டில் மாயன் கோயில்களைத் தோண்டி எடுக்கும் இந்த ஆட்டத்தில் ஒவ்வொரு முறையும் சரியாகப் பத்துச் செயல் புள்ளிகள்தான். ஆனால் விலை ஒன்றுபோல் இல்லை: ஆளை இறக்க 1, கோயிலில் ஒரு நிலை தோண்ட 2, புதையல் எடுக்க 3, முகாம் போடவோ காவலாள் நிறுத்தவோ 5. ஆள் நடப்பதற்கு, வழியில் வரைந்திருக்கும் கல் ஒன்றுக்கு 1. இதை மனக்கணக்காகப் போட்டால் ஏழாவது புள்ளியில் குழம்பி, நகர்த்திய காய்களையெல்லாம் திரும்ப வைத்து முதலிலிருந்து ஆரம்பிப்போம். மற்ற மூன்று பேரும் அதற்குள் டீ குடித்து முடித்திருப்பார்கள். கொட்டை இருந்தால் மனம் மாறினாலும் இரண்டைப் பின்னே இழுத்தால் போதும்.

காவலாள் நிறுத்தும் எண்ணம் இருந்தால் முதலிலேயே ஐந்தை ஓரமாக ஒதுக்கிவிடுங்கள். மீதி ஐந்துக்குள் என்ன முடியுமோ அதை மட்டும் யோசித்தால் போதும்; பாதி நேரம் மிச்சம்.

எரிமலை வரைந்த அட்டை வந்து மதிப்பெண் போடும் சுற்றிலும் அதே பத்துதான், கொட்டை செல்லும். ஏலம் விட்டு ஆடும் முறையில் மட்டும் ஏலத் தொகைக்கு இதைத் தொடாதீர்கள், அது வெற்றிப் புள்ளியிலிருந்து போவது. கை பழகியவர்களுக்கு இது தேவையே இல்லை.