பழைய ஹார்ன் ஸ்பீக்கருக்கு ஏற்ற ஆம்ப்ளிஃபையரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

என்னிடம் இருப்பவை 15 அங்குல ஊஃபரும் (தாழ்ந்த சுருதிகளுக்கான பெரிய ஸ்பீக்கர்) அதன் மேல் உலோக ஹார்னும் கொண்ட ஒரு ஜோடி பழைய ஸ்பீக்கர்கள். இடுப்பளவு உயரம், இரண்டு பேர் சேர்ந்தால்தான் நகர்த்த முடியும். வீட்டுக்கு வந்த அன்றே, ஏற்கெனவே வைத்திருந்த 120 வாட் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரில் அவற்றை இணைத்தேன். பாட்டு தொடங்கும் முன்பே ஹார்னிலிருந்து ‘ஸ்ஸ்ஸ்’ என்று இரைச்சல் வந்தது. அதே ஆம்ப்ளிஃபையர் முன்பிருந்த சிறிய ஸ்பீக்கர்களோடு பல ஆண்டுகள் மூச்சுக் காட்டாமல் ஓடியது. இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து ஒழிக்க எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. அந்த இரண்டு மாதத்தில் கற்றதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

வயர் இணைப்பது, பிளஸ் மைனஸ் பார்ப்பது போன்றவை உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: ஸ்பீக்கரின் இரண்டு எண்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

முதல் எண் உணர்திறன். 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபெல் ஒலி வரும் என்பதே அது. இன்றைய சிறிய ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 84 முதல் 88 டெசிபெல் வரை. பழைய பெரிய கேபினட்கள் 95க்கு மேல் போகும். முழு ஹார்ன் வடிவமைப்புகள் 100ஐயும் தாண்டும். அன்றைய ஆம்ப்ளிஃபையர்களால் சில வாட்களே தர முடிந்ததால், அந்தச் சிறிய சக்தியை வீணாக்காமல் ஒலியாக்க வேண்டிய கட்டாயம் ஸ்பீக்கர் வடிவமைப்பாளர்களுக்கு இருந்தது. 1946இல் வந்த கிளிப்ஷ்ஹார்ன் என்ற ஹார்ன் ஸ்பீக்கர் அந்தச் சிந்தனையின் உச்சம். 1954இல் அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனம் ஏஆர்-1 என்ற சிறிய, காற்றுப் புகாத பெட்டியைக் கொண்டுவந்தபோது கணக்கு மாறியது: பெட்டி சுருங்கியது, பேஸ் (தாழ்ந்த சுருதி) ஆழமானது, பதிலுக்கு உணர்திறன் விழுந்தது. டிரான்சிஸ்டர் வந்து வாட் மலிவானபின் அந்த இழப்பைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

இரண்டாவது எண் ஓம், அதாவது ஸ்பீக்கர் மின்சாரத்துக்குத் தரும் எதிர்ப்பு. பழைய ஸ்பீக்கர்களில் 15 அல்லது 16 ஓம் சர்வசாதாரணம். பின்புற லேபிள் கிழிந்துபோயிருந்தால் மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து, எதனுடனும் இணைக்காத ஸ்பீக்கரின் இரு முனைகளிலும் தொட்டுப் பாருங்கள். காட்டும் எண், பெயரளவு ஓமில் முக்கால் பங்கு அளவில் இருக்கும். 6 காட்டினால் 8 ஓம் ஸ்பீக்கர். 11 அல்லது 12 காட்டினால் 16 ஓம்.

படி 2: எத்தனை வாட் வேண்டும்?

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். வாட் இரண்டு மடங்கானால் 3 டெசிபெல் கூடும். பத்து மடங்கானால் 10 டெசிபெல் கூடும். 3 மீட்டர் தள்ளி அமர்ந்தால், சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலியையும் சேர்த்து, சாதாரண அறையில் ஏறத்தாழ 6 டெசிபெல் குறையும். இரண்டு ஸ்பீக்கர்கள் என்பதால் 3 டெசிபெல் கூடும். ஆகவே உணர்திறனிலிருந்து 3ஐக் கழித்துக்கொள்ளுங்கள்.

என் ஸ்பீக்கர்கள் 103 டெசிபெல். 1 வாட்டில் என் நாற்காலியில் 100 டெசிபெல் கேட்கும். வீட்டில் வசதியாகக் கேட்கும் அளவு சராசரியாக 80 டெசிபெல். அதற்குத் தேவை 0.01 வாட். இசையின் உச்சங்கள் சராசரியைவிட 20 டெசிபெல் மேலே எகிறும் என்று வைத்தாலும் 1 வாட் போதும். இதே உச்சத்தை 95 டெசிபெல் ஸ்பீக்கரில் எட்ட 6 வாட்டுக்குச் சற்றுக் கூடுதலாகவும், 87 டெசிபெல் ஸ்பீக்கரில் எட்ட 40 வாட்டும் வேண்டும்.

இதனால்தான் 1930களில் பிறந்த 2ஏ3 வால்வு (டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழாய்), ஒற்றையாகத் தரும் மூன்றரை வாட்டைக் கொண்டே ஓர் அறையை நிரப்பிவிடுகிறது. கொஞ்சம் கைவசம் இருக்கட்டும் என்று 10 முதல் 20 வாட் வரை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் உள்ள வாட்களை உங்கள் ஸ்பீக்கர் தொடப்போவதே இல்லை. அது வாழ்வதெல்லாம் வாட்டின் நூறில் ஒரு பங்கில். அந்தச் சிறு அளவில் ஆம்ப்ளிஃபையர் எவ்வளவு தூய்மையாக வேலை செய்கிறது என்பதுதான் கேள்வி.

படி 3: இரைச்சல். நான் வழுக்கி விழுந்த இடம்

எல்லா ஆம்ப்ளிஃபையரும் பாட்டு ஓடாதபோதும் ஸ்பீக்கர் முனையில் ஒரு மிகச் சிறிய மின்னழுத்தத்தைக் கசியவிடும். அது 1 மில்லிவோல்ட் என்று வையுங்கள். 87 டெசிபெல் ஸ்பீக்கரில் அது 1 மீட்டரில் 18 டெசிபெல் ஒலியாகும். அறையின் சாதாரணச் சத்தத்தில் கரைந்துவிடும். 103 டெசிபெல் ஸ்பீக்கரில் அதே 1 மில்லிவோல்ட் 34 டெசிபெல் ஆகிறது. இரவில் அறை அடங்கியபின் தெளிவாகக் கேட்கும். வீணைத் தந்தியின் ஒலி தேய்ந்து மறையும் அந்தக் கடைசி இழை, அந்த இரைச்சலுக்குள் அமிழ்ந்துவிடும். எனக்குப் பொறுக்க முடியாமல் போனது அதுதான்.

நான் செய்த தவறு, குற்றவாளி ப்ரீஆம்ப் (ஸ்பீக்கரை இயக்கும் பவர் ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால் நின்று வால்யூமைக் கட்டுப்படுத்தும் கருவி) என்று முதலிலேயே முடிவு கட்டியது. கேபிள்களை மாற்றினேன். மின்சார வடிகட்டி வாங்கினேன். ப்ரீஆம்பையே மாற்றினேன். இரைச்சல் இம்மியும் குறையவில்லை. கடைசியில் தீர்வு தந்தது ஒரு பழைய ஆர்சிஏ பிளக்: அதன் நடு ஊசியையும் வெளி வளையத்தையும் சின்னக் கம்பியால் இணைத்துப் பற்றவைத்தேன். நீங்களும் இப்படி இரண்டு செய்துகொள்ளுங்கள்.

பவர் ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டு, அதன் *உள்ளீட்டில்* இருக்கும் கேபிள்களைக் கழற்றி இந்த இரு பிளக்குகளையும் செருகுங்கள். (ஸ்பீக்கர் முனைகளை இப்படி ஒருபோதும் இணைக்காதீர்கள், ஆம்ப்ளிஃபையர் போய்விடும்.) இப்போது ஆன் செய்து, ஹார்னின் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் காதை வையுங்கள். இப்போது கேட்பது முழுக்க முழுக்க பவர் ஆம்ப்ளிஃபையரின் சொந்த இரைச்சல். அதற்கு முன்னால் எதை மாற்றினாலும் இது குறையாது. என் 120 வாட் பெட்டியில் அந்த ‘ஸ்ஸ்ஸ்’ அப்படியே இருந்தது. இரண்டு மாதக் கேள்விக்கு அரை நிமிடத்தில் விடை கிடைத்தது.

இங்கே அமைதியாக இருந்தால், அணைத்துவிட்டு ப்ரீஆம்பை இணைத்து, வால்யூமைக் குறைத்து வைத்துக் கேளுங்கள். கூடுதலாக இரைந்தால் அது ப்ரீஆம்பின் பங்கு. பிறகு சிடி பிளேயரையோ கணினியையோ இணைக்கும்போது ‘ம்ம்ம்’ என்ற தாழ்ந்த ரீங்காரம் சேர்ந்தால், பெரும்பாலும் இரண்டு கருவிகளின் எர்த் இணைப்புகளுக்கிடையே வளையம் உருவாகியிருக்கிறது. ஒவ்வொன்றாகச் சேருங்கள், இரண்டை ஒரே நேரத்தில் மாற்றினால் தடயம் கலைந்துவிடும்.

புதிதாக வாங்கும்போது விவரக் குறிப்பை நம்பி ஏமாற வேண்டாம். 100 வாட் ஆம்ப்ளிஃபையர் ஒன்றில் ‘இரைச்சல் விகிதம் 100 டெசிபெல்’ என்றும், 10 வாட் ஆம்ப்ளிஃபையரில் ‘90 டெசிபெல்’ என்றும் போட்டிருக்கிறது. முதலாவது அமைதியானது என்றுதான் தோன்றும். ஆனால் அந்த எண்கள் முழு சக்தியோடு ஒப்பிட்டுச் சொன்னவை. கணக்குப் போட்டால் 8 ஓமில் இரண்டும் கசியவிடுவது அதே 0.28 மில்லிவோல்ட்தான். எனவே 1 வாட் அளவோடு ஒப்பிட்ட எண்ணைத் தேடுங்கள். அல்லது கசியும் மில்லிவோல்ட் எவ்வளவு என்று கேளுங்கள். 100 டெசிபெல்லைத் தாண்டிய ஸ்பீக்கருக்கு 0.2 மில்லிவோல்ட் அல்லது அதற்குக் கீழ் என்பது என் வரம்பு.

படி 4: அளவுக்கு மீறிய பெருக்கத்தை அடக்குங்கள்

சிடி பிளேயர் 2 வோல்ட் வரை தரும். வழக்கமான பவர் ஆம்ப்ளிஃபையர் அதை 20 மடங்காக்கும். 40 வோல்ட் என்றால் 8 ஓமில் 200 வாட்! நமக்குத் தேவை 1 வாட், அதாவது 2.83 வோல்ட். அதனால் வால்யூம் குமிழைத் தொட்டவுடன் வீடு அதிர்கிறது. குமிழின் தொடக்கப் பகுதியில் இடது வலது சமமாக இருப்பதும் அரிது; பாடகர் நடுவிலிருந்து ஒரு பக்கம் நகர்ந்து நிற்பார்.

மருந்து இரண்டே மின்தடைகள். சிக்னல் வரும் பாதையில் தொடராக 6.8 கிலோஓம், அதைத் தாண்டியபின் சிக்னலுக்கும் எர்த்துக்கும் குறுக்கே 3.3 கிலோஓம். இது 10 டெசிபெல் குறைக்கும். 20 டெசிபெல் வேண்டுமென்றால் 9.1 கிலோஓமும் 1 கிலோஓமும். இதை பவர் ஆம்ப்ளிஃபையரின் உள்ளீட்டுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். முன்னால் இருக்கும் எல்லாக் கருவிகளின் இரைச்சலும் அதே அளவு குறையும். படி 3இல் பார்த்த, பவர் ஆம்ப்ளிஃபையரின் சொந்த இரைச்சலை மட்டும் இது தொடாது.

படி 5: ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டு மின்மறிப்பு

ஸ்பீக்கரின் ஓம் எல்லா சுருதியிலும் ஒன்றாக இருக்காது. 8 ஓம் என்று எழுதியிருப்பது ஓரிடத்தில் 6க்கு இறங்கி, பேஸில் 40க்கு ஏறும். பின்னூட்டமில்லாத (வெளியீட்டை உள்ளீட்டோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளாத) வால்வு ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டு மின்மறிப்பு, அதாவது ஸ்பீக்கர் முனையில் அதன் சொந்த எதிர்ப்பு, 2 ஓம் என்றால், அந்த 40 ஓம் இடத்தில் ஒலி 6 ஓம் இடத்தைவிட 2 டெசிபெல் தூக்கலாகும். சில பெட்டிகளில் இது பேஸைக் கொழகொழப்பாக்கும். ஆனால் வலுவான காந்தம் கொண்ட பழைய ஊஃபர்கள் சிலவற்றுக்கு இந்தத் தூக்கல் தேவைப்படுகிறது. டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரில் அவை மெலிந்து ஒலிக்கும். சோதிக்க எளிய வழி உண்டு: டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே 1 ஓம், 10 வாட் மின்தடை ஒன்றைத் தொடராகச் சேர்த்து ஒரு வாரம் கேளுங்கள். உடல் கூடியதுபோல் இருந்தால் உங்கள் ஸ்பீக்கர் வால்வு ஆம்ப்ளிஃபையரோடு நன்றாகப் பொருந்தும்.

வால்வு ஆம்ப்ளிஃபையரில் 4, 8, 16 ஓம் முனைகள் தனித்தனியே இருந்தால் 16 ஓம் ஸ்பீக்கரை 16இல் இணைத்துத் தொடங்குங்கள். டிரான்சிஸ்டர் என்றால் 16 ஓமில் வாட் பாதியாகும், அவ்வளவுதான். அதற்கு எந்தச் சிரமமும் இல்லை.

எதை வாங்கலாம்?

தொடங்குபவருக்கு நான் சொல்வது, இரண்டிரண்டு இஎல்84 வால்வுகள் புஷ்-புல் முறையில் (ஒன்று தள்ள, மற்றது இழுக்க) இயங்கும் 10 முதல் 15 வாட் ஆம்ப்ளிஃபையர். வால்வுகள் எளிதாகக் கிடைக்கும். இரைச்சல் குறைவாக அமைப்பது சிரமமில்லை. பெரும்பாலான பழைய ஸ்பீக்கர்களோடு ஒத்துப்போகும். வால்வு வேண்டாம் என்பவருக்கு 10 முதல் 25 வாட் ‘கிளாஸ் ஏ’ டிரான்சிஸ்டர். நன்றாகச் சூடாகும், காற்றோட்டம் தேவை. ஆனால் மிகச் சிறிய ஒலியிலும் அதன் டிரான்சிஸ்டர்கள் அணைந்து விழிப்பதில்லை, நம் 0.01 வாட்டுக்கு அதுவே முக்கியம். 300பி வால்வின் 8 வாட் அழகானது. ஆனால் அது இரண்டாவது ஆம்ப்ளிஃபையராக இருக்கட்டும். பல சேனல் ஹோம் தியேட்டர் ரிசீவரை ஹார்ன் ஸ்பீக்கருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். நான் கேட்டவை எல்லாமே இரைந்தன.

பழைய வால்வு ஆம்ப்ளிஃபையரை வாங்கினால் மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். அணைத்தபின்னும் கப்பாசிட்டர்கள் அதைப் பிடித்து வைத்திருக்கும். பழகியவரிடம் கொடுத்துச் சரிபாருங்கள்.

இணைக்கும் முன்

டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரின் ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டரை வைத்து டிசி (நேர் மின்னோட்ட) மில்லிவோல்ட் பாருங்கள். 20க்குள் இருந்தால் நல்லது. 50ஐத் தாண்டினால் பழுது பார்க்காமல் இணைக்க வேண்டாம். பிறகு, போனால் பரவாயில்லை என்னும் ஒரு சிறிய ஸ்பீக்கரை இணைத்து ஆன், ஆஃப் செய்து பாருங்கள். ‘டப்’ என்று ஓங்கி அடித்தால் ஹார்னுக்குப் பின்னால் ஒலியை எழுப்பும் டிரைவரின் மெல்லிய டயஃப்ரம் (அதிரும் சவ்வு) அதைத் தாங்காது. பழைய டயஃப்ரத்துக்கு மாற்று கிடைப்பது எளிதல்ல. பவர் ஆம்ப்ளிஃபையரைக் கடைசியில் ஆன் செய்யுங்கள், முதலில் அணையுங்கள்.

பின்சேர்க்கை: வாசகர் ஒருவர், படி 4இல் சொன்ன மின்தடைகளைப் போட்டதும் பேஸ் காணாமல் போனது என்று எழுதியிருந்தார். அவருடையது வால்வு ப்ரீஆம்ப். அதன் வெளியீட்டுக் கப்பாசிட்டருக்கு, இரண்டு மின்தடைகளும் சேர்ந்த 10 கிலோஓம் சுமை மிகக் கனம். தாழ்ந்த சுருதிகளை அது வெட்டிவிடும். டிரான்சிஸ்டர் ப்ரீஆம்பை மட்டும் மனத்தில் வைத்து அந்த எண்களைக் கொடுத்துவிட்டேன். வால்வு ப்ரீஆம்ப் இருப்பவர்கள் இரண்டு மின்தடைகளையும் பத்து மடங்காக்குங்கள்: 68 கிலோஓம், 33 கிலோஓம். இந்த அளவில், மின்தடைகளுக்குப் பிறகு பவர் ஆம்ப்ளிஃபையர் வரை கேபிள் ஒரு சாணுக்கு மேல் நீளக் கூடாது. நீண்டால் உச்ச சுருதிகள் மங்கும். அவரும் அப்படி மாற்றி, பிளக்குக்குள்ளேயே மின்தடைகளை அடக்கிப் பற்றவைத்தார். பேஸ் திரும்பிவிட்டது.