ஏடிஹெச்டி: யாரிடம் காட்டுவது, மாத்திரை எப்படி வாங்குவது, துணைக்கு யார்

"கவனம் போதாது" என்று ரேங்க் கார்டில் எழுதி வரும். "துருதுருன்னு இருக்கான், வளர்ந்தா சரியாயிடும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். இப்படியே மூன்று நான்கு வருஷம் ஓடி, பிள்ளை பள்ளிக்கே போகமாட்டேன் என்று அடம்பிடிக்கும்போதுதான் பலர் டாக்டரைத் தேடுகிறார்கள். அதுவரை காத்திருக்க வேண்டாம். இது ஏடிஹெச்டியாக இருக்கலாம், அதாவது கவனக்குறைவோ, அளவுமீறிய துடிப்பும் அவசரமுமோ, இரண்டும் சேர்ந்தோ இருக்கும் நிலை.

எங்கே போவது

ஏடிஹெச்டி என்று உறுதிசெய்து மருந்து எழுத வேண்டியவர் மனநல மருத்துவர். பிள்ளைகளுக்கு, குழந்தைகள் மனநலத்திலோ குழந்தை வளர்ச்சியிலோ பயிற்சி பெற்ற டாக்டர் கிடைத்தால் நல்லது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் சோதனைகள் செய்வார், பெற்றோருக்குப் பயிற்சி தருவார், ஆனால் மருந்து எழுத முடியாது. இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் அவர் பெற்ற பதிவு எண்ணைக் கூச்சப்படாமல் கேளுங்கள்.

செலவு பயமாக இருந்தால் மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். 18 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு டி.இ.ஐ.சி. எனப்படும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையமும் உண்டு. சென்னையில் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையும் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையும் இருக்கின்றன. வேலூர் சி.எம்.சி., பெங்களூரு நிம்ஹான்ஸ் இரண்டிலும் குழந்தைகள் மனநலத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியாதவர்கள் டெலி மானஸ் எண் 14416-ஐ அழைக்கலாம். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம்.

கையில் என்ன இருக்க வேண்டும்

ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ ஏடிஹெச்டியைக் காட்டாது. டாக்டர் கேட்டறிந்துதான் முடிவுசெய்வார். கவனக்குறைவுக்கு 9 அறிகுறிகள், துடிப்பு-அவசரத்துக்கு 9 அறிகுறிகள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. ஏதாவது ஒரு பிரிவில் 6 அறிகுறிகளாவது (17 வயதோ அதற்கு மேலோ என்றால் 5) ஆறு மாதமாக இருக்க வேண்டும், 12 வயதுக்கு முன்பே தலைகாட்டியிருக்க வேண்டும். வீடு, பள்ளி என்று குறைந்தது இரண்டு இடங்களில் தெரியவும் வேண்டும். பெரும்பாலானோர் தடுக்கி விழுவது இந்தக் கடைசி நிபந்தனையில்தான். பள்ளியிலிருந்து எதுவும் இல்லாமல் போனால், டாக்டர் ஃபாரத்தைக் கொடுத்துத் திருப்பி அனுப்புவார், அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டிவரும். அதனால் பதிவு செய்யும்போதே ஃபாரத்தைக் கேட்டு வாங்கி, கிளாஸ் டீச்சரிடம் நிரப்பி எடுத்துப் போங்கள். பல இடங்களில் பயன்படும் வாண்டர்பில்ட் ஃபாரத்தில் பெற்றோருக்கு 55 கேள்விகள், ஆசிரியருக்கு 43.

கூடவே கிளாஸ்வொர்க் நோட்டையும் எடுத்துப் போங்கள். அழகாக எழுதிய நோட்டு வேண்டாம், தினசரி நோட்டுதான் வேண்டும். போர்டில் இருந்ததில் முதல் இரண்டு வரி ஒழுங்காக இருக்கும், மூன்றாவது வரி பாதியில் நிற்கும், அடுத்த பக்கத்தில் வேறு பாடம் தொடங்கியிருக்கும். அந்த ஒரு பக்கம் டாக்டருக்கு நிறையச் சொல்லும். பார்வை, காது இரண்டையும் முன்னதாகவே சோதித்துவிடுங்கள். பிள்ளை தூக்கத்தில் குறட்டை விட்டால் அதையும் சொல்லுங்கள். தூக்கம் கெட்ட பிள்ளையும் வகுப்பில் இதே மாதிரிதான் இருக்கும்.

பெரியவர்கள் தங்களுக்கே சந்தேகம் என்றால் ஏ.எஸ்.ஆர்.எஸ். என்ற 18 கேள்விப் படிவத்தை நிரப்பி, பழைய ரேங்க் கார்டுகளுடன் போகலாம். சின்ன வயதில் எப்படி இருந்தீர்கள் என்று அம்மாவோ அக்காவோ சொன்னால் இன்னும் தெளிவு கிடைக்கும்.

மாத்திரை

6 வயதுக்குக் கீழ் இருந்தால் முதலில் தர வேண்டியது பெற்றோருக்கான பயிற்சி. அதற்கு மேல், அதிகம் எழுதப்படுவது மெத்தில்ஃபெனிடேட். இந்தியாவில் இது எக்ஸ் அட்டவணை மருந்து, தனி உரிமம் உள்ள கடையில்தான் கிடைக்கும். சீட்டு இரண்டு பிரதியாக வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் இரண்டு வருஷம் வைத்திருப்பார். ஒரே பிரதியோடு நாலு கடை ஏறி இறங்கி வெறுங்கையோடு வருகிறவர்கள் நிறைய. டாக்டர் அறையிலேயே இரண்டாவது பிரதியையும், எந்தக் கடையில் இருப்பு உண்டு என்பதையும் கேட்டுவிடுங்கள். 2020-ல் வந்த தொலைமருத்துவ விதிகளின்படி வீடியோ வழியாக இதை எழுதக் கூடாது. எனவே மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே நேரில் போக ஏற்பாடு செய்யுங்கள்.

சாதாரண வகை ஏறக்குறைய 4 மணி நேரம்தான் வேலை செய்யும். காலை எட்டு மணிக்குப் போட்டால் மதியம் இறங்கிவிடும். சாயங்காலம் பிள்ளையைப் பார்க்கும் பெற்றோர், "ஒரு மாற்றமும் இல்லை" என்று சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். பலன் தெரிகிறதா என்று டீச்சரைக் கேளுங்கள். மருந்தைக் குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாகத்தான் கூட்டுவார்கள், முதல் வாரத்தை வைத்துத் தீர்ப்பு சொல்ல வேண்டாம்.

பசி குறையும். டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வரும். மாத்திரைக்கு முன்பே வயிறு நிறைய இட்லியோ பொங்கலோ கொடுத்துவிடுங்கள். மருந்து இறங்கும் சாயங்காலத்தில் பசி திரும்பும், அப்போது நொறுக்குத் தீனிக்குப் பதில் சாப்பாடாகவே போடுங்கள். ஒவ்வொரு முறை போகும்போதும் உயரம், எடை, ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். குடும்பத்தில் இளவயதில் திடீர் மாரடைப்போ, பிள்ளைக்கு மயக்கமோ இருந்திருந்தால் மருந்து தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஏடிஹெச்டிக்கான இன்னொரு மருந்தான அட்டோமாக்செட்டின் சாதாரணச் சீட்டிலேயே கிடைக்கும், ஆனால் முழுப் பலன் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகும். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும்.

ஒரு விஷயம்: 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் ஏடிஹெச்டி தனியாக இல்லை. கற்றல் குறைபாடும் சேர்ந்திருந்தால் சான்றிதழும் தேர்வுச் சலுகையும் அதன் பெயரில்தான் வரும். அதனால் அதற்கான சோதனையையும் கேளுங்கள். இதில் சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா சங்கம் 1991 முதல் வேலை செய்துவருகிறது.

துணைக்கு ஆட்கள்

பெற்றோர் குழுக்கள் பெரும்பாலும் தெரபி மையங்களின் வாட்ஸ்அப்பில்தான் இருக்கின்றன. வெளியே தெரியாது, கேட்டால்தான் சேர்ப்பார்கள். சேர்ந்ததும் ஒரு வாரம் படித்துப் பாருங்கள். பவுடர், சிரப், "மருந்தே இல்லாமல் 90 நாளில் குணம்" என்று யாராவது விற்றால் வெளியேறுங்கள். என் பிள்ளைக்கு இத்தனை மில்லிகிராம், உங்களுக்கும் அதையே போடுங்கள் என்று பேசும் குழுவும் ஆபத்து. நல்ல குழுவில் எந்தப் பள்ளி ஒத்துழைக்கிறது, எந்தக் கடையில் மருந்து வந்திருக்கிறது என்ற பேச்சு ஓடும். பிள்ளைகளின் படமோ பள்ளிப் பெயரோ வராது.

ஊரில் குழு இல்லையென்றால், காத்திருக்கும் அறையில் பார்க்கும் நாலு பேர் போதும். மாதம் ஒரு ஞாயிறு, ஒன்றரை மணி நேரம், ஒவ்வொருவருக்கும் பத்து நிமிஷம், மீதி ஒரே ஒரு தலைப்பு (வீட்டுப்பாடம், தூக்கம், மாமியாருக்குப் புரியவைப்பது). தாத்தா பாட்டியையும் ஒரு தடவை அழைத்து வாருங்கள். வீட்டில் அவர்கள்தான் முழு நாளும் பிள்ளையோடு இருப்பவர்கள்.

பெரியவர்களுக்கு அமெரிக்காவின் சாட் (CHADD), ஆடா (ADDA) என்ற ஏடிஹெச்டி அமைப்புகள் ஆங்கிலத்தில் உதவும், ஆனால் அவர்களின் சாயங்காலக் கூட்டம் நமக்கு விடியற்காலை. அதைவிடக் கைகொடுப்பது, இதே சிரமம் உள்ள இன்னொருவரோடு வீடியோவைத் திறந்து வைத்து, மைக்கை அணைத்துவிட்டு, 50 நிமிஷம் அவரவர் வேலையைப் பார்ப்பது. தொடங்கும்போது என்ன செய்யப்போகிறோம் என்று ஒரு வரி, முடிக்கும்போது எவ்வளவு ஆனது என்று ஒரு வரி சொன்னால் போதும்.